ஊரில் இல்லாத மலர்ச்சாலை

மரணம் எல்லா ஊர்களுக்கும் பொதுவானது, மலர்ச்சாலை அவ்வாறன்று. மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் ஒட்டுசுட்டானை அடைந்து, அங்கிருந்து முத்தையன்கட்டுக் குளத்தை நோக்கித் திரும்பினால், வயலும் காடும் மாறிமாறி வரும். அப்பகுதிச் சிற்றூர் ஒன்றிலே பள்ளிக்கூடம் உண்டு. பிள்ளையார் கோயில் உண்டு. கூட்டுறவுக் கடையும் நெல் ஆலையும் உண்டு. இறந்தவரைக் கிடத்துவதற்கென ஒரு கட்டடம் அங்கில்லை. அதனை ஒரு குறையாக அவ்வூரார் பேசியதும் இல்லை. ஆனால் மார்கழி மாதத்து மழை இரவொன்றில், அவ்வூர்க் கமக்காரன் ஒருவனுக்கு அது பெருங்குறையாகத் தோன்றிற்று.

இரவு இரண்டு மணியளவில் அவனுடைய தாய் கண்ணை மூடினாள். நெடுநாள் படுக்கையில் கிடந்தவளாதலால் எதிர்பாராத சாவு என்று சொல்வதற்கில்லை. ஆயினும் எதிர்பார்த்த சாவும் வரும்பொழுது எதிர்பாராமலே வருகின்றது. மனைவி தலைமாட்டில் குத்துவிளக்கை ஏற்றினாள். அவன் செய்த முதற்காரியம், சுவரிலே தொங்கிய நாட்காட்டியைக் கழற்றியதாகும். நகரத்து மலர்ச்சாலையொன்று புதுவருடத்தில் இலவசமாகக் கொடுத்த நாட்காட்டி அது. பன்னிரண்டு மாதமும் அதனைப் பார்த்து விதைப்புக்கும் அரிவி வெட்டுக்கும் நாள் குறித்தவன், அதன் அடியில் அச்சிட்டிருந்த தொலைபேசி இலக்கத்தை அன்றுதான் முதன்முறையாக வாசித்தான்.

வீட்டிலே தொலைபேசிக்கு அலை கிடைக்கவில்லை. மழைக்குள் குளக்கட்டில் ஏறி நின்று அழைத்தான். மணி ஒலித்து ஒலித்து ஓய்ந்தது. சந்தியிலுள்ள பேருந்துத் தரிப்பிடத்துச் சுவரில் வேறொரு மலர்ச்சாலையின் விளம்பரம் கண்ட நினைவு வந்தது. மோட்டார்ச் சைக்கிளில் அங்கு விரைந்தான். விளம்பரம் இருந்தது, இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களும் மழையில் அழிந்திருந்தன. முல்லைத்தீவுக்கும் மாங்குளத்துக்கும் ஏறத்தாழ நடுவிலே, இரு திசையிலும் 25 கிலோமீற்றர் அளவு தூரத்தில், அந்த வெறுஞ்சந்தியில் அவன் தனியனாய் நின்றான். பின்னர் எதையோ எண்ணித் துணிந்தவனாய், ஊருக்குத் திரும்பி, மரண சகாய சங்கத்துச் செயலாளரான ஓய்வுபெற்ற ஆசிரியரின் படலையைத் தட்டினான்.

"மாஸ்ரர், அம்மா போட்டா. ஒரு மலர்ச்சாலைக்காரரைப் பிடிச்சுத் தாங்கோ."

மாஸ்ரர் கைவிளக்கோடு வெளியே வந்தார். அவர் முதலிற் கேட்டது மலர்ச்சாலையைப் பற்றியன்று.

"அம்மாவோடை இப்ப ஆர் இருக்கினம், தம்பி?"

அவ்வினாவுக்குள்ளேயே இக்கட்டுரையின் பொருள் அடங்கியிருக்கின்றது எனலாம்.

*

அவன் மலர்ச்சாலையை அவ்வளவு தவிப்போடு தேடியதற்குக் காரணமுண்டு. 2009 ஆம் ஆண்டு பங்குனியில், புதுமாத்தளன் கடற்கரையில், எறிகணை வீச்சிலே அவனுடைய தந்தை இறந்தார். பெட்டி இல்லை, பலகை இல்லை, விறகும் இல்லை. தாயினுடைய சேலையொன்றினால் சுற்றி, பதுங்குகுழிக்கென வெட்டிய மணற்குழியிலேயே அவரைப் புதைத்தார்கள். குழியை மூடியவன் அவனே. அப்பொழுது அவனுக்குப் பத்தொன்பது வயது. வாய்க்கரிசி போட அரிசி இருக்கவில்லை. இரண்டு நாளின் பின் அவ்விடத்தை விட்டு நகர்ந்தபோது அடையாளத்துக்கென நட்ட தடியும் அங்கில்லை. போர் முடிந்து, முகாமிலிருந்து ஊர் திரும்பிய பிறகும், அந்த மணலில் எந்த இடம் தந்தையின் இடம் என்று அவனாற் காட்ட முடியவில்லை.

ஆகவே தாய்க்கேனும் எல்லாம் முறைப்படி நடக்கவேண்டுமென்று அவன் உள்ளூர உறுதிபூண்டிருந்தான். முறை என்பது அவன் மனத்தில் ஓர் உருவம் கொண்டிருந்தது: மெருகிட்ட பெட்டி, வெண்பட்டு, பித்தளைக் கைபிடி, கண்ணாடி அடைத்த அமரர் ஊர்தி. நகரத்திலே பிறருடைய சாவுகளிற் கண்ட அக்காட்சிகளே தந்தைக்குச் செய்யத் தவறியவற்றையெல்லாம் ஈடுசெய்யும் என்று நம்பினான்.

*

மலர்ச்சாலை என்ற சொல்லே தமிழருக்குப் புதியது. சிங்களத்தில் 'மல்சாலாவ' என வழங்குவதோடு ஒத்த சொல் அது. பிணத்தையும் பெட்டியையும் சொல்லாமல் மலரை மட்டுஞ் சொல்லும் நாகரிகம் அதில் இருக்கின்றது. ஆயினும் இறந்தவருக்கு வேண்டியதைத் தொழிலாகச் செய்து கொடுப்போர் தமிழ் மரபுக்குப் புதியவரல்லர். புறநானூற்றுப் பெண்ணொருத்தி, இறந்த கணவனுக்கு ஈமத்தாழி வனையும் குயவனை விளித்து, தனக்கும் இடமிருக்குமாறு அதனை அகலமாக வனையும்படி வேண்டுகின்றாள். இலங்கையின் வடமேற்கே பொம்பரிப்பில் வெளிப்பட்ட தாழிகளையும் ஏதோவொரு குயவனின் கைதான் வனைந்திருக்கும்.

பிற்கால யாழ்ப்பாணத்து ஊர்களிலும், அங்கிருந்து வன்னிக் குடியேற்றத் திட்டங்களுக்கு வந்தோர் நடுவிலும், மலர்ச்சாலை என்பது ஒரு கட்டடமாக இல்லாமல் பல வீடுகளாகச் சிதறிக் கிடந்தது. தச்சர் பாடையும் பெட்டியும் செய்தார். வண்ணார் பந்தலுக்கு வெள்ளை கட்டினார், நிலபாவாடை விரித்தார். நாவிதர் கொள்ளி வைப்பவருக்குச் சவரஞ் செய்து, சுடலைவரை உடன் சென்று துணைக்காரியம் பார்த்தார். பறைமேளக்காரர் சாவை ஊருக்கு அறிவித்தார். சைவக்குருக்கள் கிரியை செய்வித்தார். சுண்ணம் இடிக்கையில் திருப்பொற்சுண்ணம் பாட ஒருவர் இருந்தார். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தனர். யாரையும் தொலைபேசியில் தேடவேண்டியிருக்கவில்லை, சொல்லியனுப்பினாற் போதும்.

அந்தப் பழைய ஒழுங்கை இன்று நினைந்துருகுவோர் பலர். ஆனால் 'சொல்லியனுப்பினாற் போதும்' என்பதன் மறுபக்கம், சொல்லியனுப்பப்பட்டவர் வராமலிருக்க முடியாது என்பதாகும். அது அன்பினாலே அமைந்த உதவியன்று. சாதியினாலே விதிக்கப்பட்ட குடிமை. மேளக்காரர் மழையென்றாலும் வேலிக்கு அப்பால் நின்றே முழக்கினர். தேநீர் அவர்களுக்குச் சிரட்டையிலே கொடுக்கப்பட்டது. அவர்கள் வீட்டுச் சாவுக்கு மற்றவர் மேளம் முழக்கியதில்லை. வெள்ளை கட்டியதும் இல்லை. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இல் வந்தது. 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. அக்காலத்தையொட்டி, சாவீட்டில் பறை முழக்க மறுத்தலும் அந்த விடுதலைப் போராட்டத்தின் ஒரு கூறாயிற்று. மறுத்தவர்கள் மரபை அழித்தவர்களல்லர். தம்மை மனிதராக்கிக் கொண்டவர்கள். அவர்கள் விட்டுச் சென்ற வெற்றிடத்திலேதான் பணம் பெற்றுக்கொண்டு பணி செய்யும் மலர்ச்சாலை வந்து அமர்ந்தது. அவ்வகையில் மலர்ச்சாலை செய்த நன்மையொன்று உண்டு: அது யாரையும் வேலிக்கு அப்பால் நிறுத்துவதில்லை.

இரண்டாவது காரணம் கடல் கடந்தது. முன்பு பிரேதத்தை ஒரு நாளுக்கு மேல் வீட்டில் வைத்திருப்பது அரிது. பிள்ளைகள் அடுத்த ஊரிலோ, மிஞ்சினாற் கொழும்பிலோ இருந்தனர். இலங்கை வானொலியின் மரண அறிவித்தல் கேட்டு இரவு புகைவண்டியில் வந்து சேர்ந்தனர். 1983 இன் பின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் இருக்கலாயினர். சாவு காத்திருக்கவேண்டிய நிலை ஏற்பட்டது. சாவைக் காத்திருக்கச் செய்யும் வித்தை ஊரில் யாருக்கும் தெரியாது, மலர்ச்சாலைக்குத் தெரியும். அமெரிக்காவிலே அவ்வித்தை பரவியதும் இதை ஒத்த காரணத்தினாலேயே. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், தொலைவிலே மாண்ட போர்வீரரின் உடல்களை வீட்டுக்கு அனுப்புவதற்காக உடலைப் பதனிடல் அங்கு பெருவழக்காயிற்று. அங்கே இறந்தவர்கள் உறவினரிடம் பயணஞ் செய்தார்கள். இங்கே உறவினர்கள் இறந்தவரிடம் பயணஞ் செய்கின்றார்கள். இரண்டுக்கும் நடுவே நிற்பது யுத்தம்.

*

ரொறன்ரோவிலிருந்த மூத்த மகனுக்கு விடிவதற்கு முன்னரே செய்தி போயிற்று. அவன் கேட்டவை இரண்டு. தான் வந்து சேரும்வரை தாயை வைத்திருக்கவேண்டும் என்பது ஒன்று. "அம்மாவுக்கு மேளம் இல்லாமல் சரிவராது" என்பது மற்றொன்று.

காலை ஏழு மணிக்கு மாஸ்ரரின் முயற்சியால் மலர்ச்சாலைக்காரர் இருவர் ஊர்தியுடன் வந்தனர். மரியாதையான மனிதர்கள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தம் வேலையைச் செய்தனர். நாடியொன்றைத் திறந்து போமலின் கலந்த திரவத்தை உட்செலுத்துவர். நாளத்தின் வழியே குருதி வெளியேறும். நீரிலே கரைந்த போமல்டிகைட்டு, உடலின் புரதங்களைப் பிணைத்து இறுகச் செய்ய, அழுகல் சில நாள்களுக்குத் தள்ளிப்போகும். தாய் அழகாகவே தோன்றினாள். நோயினால் ஒட்டிப்போயிருந்த கன்னங்கள் சற்றே நிறைந்திருந்தன. மகன் அதைப் பார்த்து முதன்முறையாக வாய்விட்டு அழுதான்.

பின்னர் பெட்டிகளின் படங்கள் அடங்கிய ஏட்டை அவர்கள் விரித்தனர். அவன் ஏட்டின் கடைசிப் பக்கத்துக்குச் சென்றான். விலையுயர்ந்தவை கடைசியில் இருந்தன. உழவு இயந்திரத்துக்கு வாங்கிய கடன் தீரவில்லை. அவ்வூரில் நுண்கடன் புகாத வீடும் அரிது. விரல் ஒரு படத்தின்மேல் நின்றபோது மாஸ்ரர் அவனை வெளியே அழைத்தார்.

"பெட்டி எரிஞ்சுபோகும், தம்பி. வட்டி எரியாது."

"அப்பாவுக்கு ஒண்டும் செய்யேல்லை, மாஸ்ரர்."

மாஸ்ரர் சிறிதுநேரம் பேசாதிருந்தார். அதன்பின் ஒன்றே கேட்டார்: "அம்மாவின்ரை சந்தாப் புத்தகம் எங்கை?"

அது தலையணையின் கீழ் இருந்தது. நீலமட்டை போட்ட சிறு கொப்பி. 2011 இல் சங்கம் மீண்டும் தொடங்கிய மாதத்திலிருந்து இறந்த மாதம் வரையில் ஒரு மாதமேனும் தவறவில்லை. படுக்கையில் விழுந்த பின்னரும் பேரனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். பதின்மூன்று ஆண்டுகளின் சிறு கையொப்பங்கள் வரிசையாக நின்றன. மகன் அதனைத் தாயின் வீண் பிடிவாதங்களுள் ஒன்றாகவே கருதியிருந்தான். கணவனை மணலில் விட்டுவந்த பெண், தன் சாவுக்கென மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஊரின் கையிலே ஒப்படைத்து வந்தாள் என்பது அப்பொழுதுதான் அவனுக்கு விளங்கிற்று. முறையான சாவைப் பற்றி அவளுக்கும் ஓர் எண்ணம் இருந்திருக்கின்றது. அது ஏட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கவில்லை.

அவன் உள்ளே சென்று நடுத்தரமான பெட்டியொன்றைத் தெரிவு செய்தான்.

*

அதற்கிடையில் சங்கம் வந்துவிட்டிருந்தது. தகரக் கொட்டகைக்கான இரும்புக் குழாய்கள் உழவு இயந்திரப் பெட்டியில் வந்தன. கதிரைகள், கிடாரம், கேத்தில், பீங்கான், மின்பிறப்பாக்கி ஆகியன இறங்கின. ஒருவர் கிராம அலுவலரிடம் அறிக்கை பெறச் சென்றார். ஒருவர் துண்டுப்பிரசுரம் அச்சிடப் போனார். வீதியோரத்தில் வெள்ளைக் கொடிகள் ஏறின. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லையாதலால் அயல் வீடுகள் முறைவைத்துச் சோறு கொண்டுவந்தன. மார்கழியிலே ஈரமில்லாத விறகு எங்கே கிடைக்கும் என்று ஒருவரும் கவலைப்படவில்லை. ஆவணியிலேயே வெட்டிப் பிளந்து, சங்கத்துக் கொட்டிலில் அடுக்கி வைத்திருந்தார்கள். யார் இறப்பார் என்று தெரியாமலே ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவருக்காக விறகு உலர்த்தி வைக்கும் ஊர் அது.

மேளத்தைப் பற்றிய பேச்சு மாலையில் எழுந்தது. சங்கத்தின் பொருளாளர் முப்பது வயது இளைஞர். அவருடைய பாட்டனார் ஒருகாலத்தில் பல ஊர்ச் சாவீடுகளுக்குப் பறை முழக்கியவர். மூத்த மகனின் விருப்பத்தை இளையவன் தயங்கித் தயங்கித் தெரிவித்தபோது, இளைஞர் சினங்கொள்ளவில்லை.

"மேளம் கூடாதெண்டு நான் சொல்லேல்லை, அண்ணை. கூலி பேசி, கதிரை குடுத்துக் கூப்பிட்டால் விருப்பமான ஆக்கள் வருவினம். 'வரத்தான் வேணும்' எண்டு சொல்லுற உரிமை இனி ஒருத்தருக்கும் இல்லை. என்ரை அப்பு செத்த அண்டைக்கு அவருக்கு ஆரும் மேளம் அடிக்கேல்லை."

கொட்டகையில் மௌனம் நிலவிற்று. சிறுவயதில், தன் வீட்டு வேலிக்கு வெளியே அந்த அப்பு மழையில் நனைந்தபடி முழக்கியதை மாஸ்ரர் கண்டிருக்கிறார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றிரவு தமையனுக்கு இளையவன் அனுப்பிய செய்தி சுருக்கமானது: "மேளம் இல்லை. தேவாரம் படிப்பம். வந்து சொல்லுறன்."

மூன்று இரவுகள் சென்றன. மலர்ச்சாலைக்காரர் முதல்நாள் தம் பணி முடிந்ததும் போய்விட்டனர். அவர்களுக்கு வேறு சாவுகள் இருந்தன. இரவிலே பிரேதத்தோடு இருந்தவர்கள் ஊரவர்கள். ஒரு பக்கம் சீட்டாட்டம்; ஒரு பக்கம் வெற்றிலைத் தட்டம்; பெண்கள் நடுவே இடையிடையே ஒப்பாரி. வெளியார் பார்த்தால் துக்கத்தின் அடையாளமே இல்லையென்று சொல்லக்கூடும். ஆனால் சீட்டாட்டத்தின் நோக்கம் சீட்டன்று. துக்கப்பட்டவன் இரவில் கண்விழித்துப் பார்க்கும்போது அங்கே யாராவது விழித்திருக்க வேண்டும் என்பதே. உடலைக் காத்தது மலர்ச்சாலை. வீட்டைக் காத்தது ஊர். முன்னதற்கு விலை உண்டு. விலை கொடுத்தால் வரும். பின்னது முன்கூட்டியே சிறுகச் சிறுகச் செலுத்தி வந்தவர்க்கே வரும். அதற்கான சந்தா பணம் மட்டுமன்று; பிறர் வீட்டில் விழித்திருந்த இரவுகளும் அதிற் சேரும்.

*

நான்காம் நாள் காலை மூத்த மகன் வந்து சேர்ந்தான். கிரியைகள் நடந்தன. பந்தம் பிடித்த பேரப்பிள்ளைகளுள் இருவர் கனடாவில் பிறந்தவர்கள். தமிழ் விளங்காவிடினும் அழுகை அவர்களுக்கு விளங்கிற்று. பெட்டி மூடப்பட்டு அமரர் ஊர்தியில் ஏற்றப்பட்டது. சுடலைக்கு ஒரு கிலோமீற்றர் தூரம் இருக்கையில், வாய்க்கால் மதகருகே, ஊர்தியின் சக்கரங்கள் சேற்றிற் புதைந்தன. மழைக்காலத்து மண்பாதை அதற்குமேல் வாகனத்தை விடவில்லை. சாரதி இறங்கி மன்னிப்புக் கேட்டார்.

பெட்டியை இறக்கினார்கள். முன்பக்கத்துக்கு மைந்தர் இருவரும் வந்தனர். பின்பக்கத்து இடப்புறத்தில் மாஸ்ரர் நின்றார். வலப்புறம் வெறுமையாய் இருந்தது. முறையுள்ளோர் ஒருவரையொருவர் பார்த்தனர். இளைய மகன் திரும்பி, பொருளாளரின் பெயரைச் சொல்லி அழைத்தான். முதியோர் சிலரிடையே முணுமுணுப்பொன்று எழுந்தது. மாஸ்ரர் அதனைக் கேட்டும் கேளாதவராய், "பிடியும் தம்பி, மழை வரப்போகுது" என்றார். அந்தத் தோளும் சேர்ந்தது. மேளமின்றி, தேவாரத்துடன், முழங்கால் அளவு சேற்றில் அத்தாய் சுடலைக்குச் சென்றாள்.

மூத்தவன் மேளத்தைப் பற்றி அதன்பின் ஒன்றுமே கேட்கவில்லை.

*

அந்தியேட்டி முடிந்த மறுவாரம் இளைய மகன் நீலமட்டைக் கொப்பியுடன் மாஸ்ரரின் வீட்டுக்குச் சென்றான். உறுப்புரிமையைத் தன் பெயருக்கு மாற்றும்படி கேட்டான். மாஸ்ரர் பதிவேட்டை எடுத்து எழுதினார். அதே பதிவேட்டின் பின்பகுதியில், சங்கம் கருமஞ் செய்து அனுப்பிய உறுப்பினர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. இறுதியாகத் தாயின் பெயர் இருந்தது. முதற்பெயர் 2011 இற்குரியது. அதற்கு முந்திய பதிவேடுகள் இடப்பெயர்வில் அழிந்துவிட்டன.

"மாஸ்ரர், அப்பாவும் பழைய சங்கத்தில சந்தா கட்டினவர். அவரின்ரை பெயரையும் எழுதலாமோ?"

சங்கம் கருமஞ் செய்யாத ஒருவரின் பெயரை அந்தப் பட்டியலில் எழுத விதியில்லை. மாஸ்ரர் அடுத்த பொதுக்கூட்டத்தில் அதனைப் பிரேரணையாக வைத்தார். அனுமதித்தவர் பொருளாளர். எதிர்த்தவர் இல்லை, ஆனால் கூட்டம் அத்துடன் முடியவுமில்லை. ஒருவர் எழுந்து தன் மகளின் பெயரைச் சொன்னார். இன்னொருத்தி தன் கணவனுடையதைச் சொன்னாள். பதிவேட்டின் முன்புறத்தில், வெறுமையாக விடப்பட்டிருந்த தாள்களில், 2009 ஆம் ஆண்டுக்குரிய பெயர்களை மாஸ்ரர் அன்று மாலை மங்கும்வரை எழுதிக்கொண்டிருந்தார்.

அவ்வூரில் நாளை ஒரு மலர்ச்சாலை எழலாம், எழுவதில் தீங்கில்லை. பதனிடவும் பெட்டி தரவும் கைதேர்ந்தோர் அருகில் இருப்பது நன்றே. இளைஞர் வெளிநாடு செல்லச் செல்ல, சுமக்கும் தோள்களும் விழித்திருக்கும் கண்களும் அங்கே குறைந்து வருகின்றன. சங்கத்தின் சந்தாப்பட்டியலும் ஆண்டுக்காண்டு சுருங்குகின்றது. கட்டாயத்தினால் வந்தவர்கள் வராமற் போனது நீதி. கூலிக்கு வருபவர்கள் வருவது வசதி. கட்டாயமும் கூலியும் இன்றி ஒருவருக்கொருவர் வருவது என்ற மூன்றாவது வழியொன்றை அச்சிற்றூர் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்திருக்கின்றது. அதனை இழந்தபின் மலர்ச்சாலையின் இலக்கத்தை நாட்காட்டியிற் கண்டுபிடிக்கலாம். தாயோடு இப்பொழுது யார் இருக்கிறார் என்று கேட்பதற்குத்தான் ஆள் இருக்காது.